அடுக்களையைத் திறந்து வைத்தவர்

பிறந்த மண்ணை விட்டு உத்தியோக நிமித்தமாக வெளி மாநிலத்தில் வந்து குடியேறிய நம்மவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். வந்த புதிதில் மொழி தெரியாமல் பட்ட அல்லலைவிட வீட்டுச் சாப்பாடு கிடைக்காமல் பட்ட அல்லலே பெரிது என்பார். மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, பெட்டியும் படுக்கையுமாக இந்த நிலையத்தில் இறங்கி, குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடும்பத்தை அழைத்து வரும் வரையில் மூன்று வேளையும் எங்கே உண்பது என்று கலங்கி நின்ற அனுபவம் நம் காலனியில் பலருக்கும் உண்டு.

அக்கலக்கத்தைத் தீர்க்கும் பொருட்டு நம் தாய்மார்களில் சிலர், தனியாக வந்து தங்கியிருக்கும் இளைஞர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நான்கு பேருக்கு வைத்த உலையை நாற்பது பேருக்கு வைக்கும்படி ஆயிற்று. இப்பொழுது அவர்களை ஒரு கேள்வி வாட்டுகின்றது. ஆள் வைத்து, இடம் பிடித்துப் பெரிதாக நடத்தினால் கைமணம் போய்விடுமோ? நடத்தாவிட்டாலோ, வந்து கேட்பவர்களை இல்லையென்று சொல்லி அனுப்ப நேருகின்றது. சோற்றை நம்பி வந்தவனைத் திருப்பி அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறிச் சென்றவர் ஒருவர் உண்டு. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் புகழ்பெற்ற சிற்றுண்டிச் சாலையை வளர்த்த பரம்பள்ளி யக்ஞநாராயண மையா அவர்களே அவர். எம்.டி.ஆர். என்னும் மூன்று எழுத்துக்களை அறியாத வீடு நம் காலனியில் இராது. ஆனால் அவ்வெழுத்துக்களுக்குப் பின்னே நின்ற மனிதரை அறிந்தவர் சிலரே. ஆகையால் அன்னாரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு நினைவூட்ட விழைகின்றேன்.

பரம்பள்ளியிலிருந்து பெங்களூர்

மேற்குக் கடற்கரையில், உடுப்பிக்கு வடக்கே, சாலிகிராமத்தை அடுத்துள்ளது பரம்பள்ளி என்னும் சிற்றூர். அக்காலத்தில் அது தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவோ நம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோதுதான் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே மையா அவர்களைப் பிறப்பால் பழைய சென்னை மாகாணத்தவர் என்று நாமும் உரிமை கொண்டாடலாம். சென்னையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைக் கண்ட கிருஷ்ண ராவ் அவர்களும் அதே ஜில்லாவில் பிறந்தவரே.

கோயில் பிரசாதத்துக்கும் அன்னதானத்துக்கும் பேர்பெற்ற வட்டாரம் உடுப்பி. சமையற்கலை அங்கே பலருக்குக் குலவித்தையைப் போல் அமைந்திருந்தது. ஆனால் கலை இருந்த அளவுக்குக் காசு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பக்கத்து இளைஞர்கள் கரண்டியையே மூலதனமாகக் கொண்டு சென்னை, பம்பாய், பெங்களூர் முதலிய நகரங்களை நோக்கிப் புறப்பட்டனர்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு அந்தப் பிரயாணத்தின் அருமை நன்கு விளங்கும். மங்களூருக்கு 1907-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடந்து பெங்களூர்ப் பக்கம் செல்ல இருப்புப்பாதை அப்போது இல்லை. மங்களூர் – ஹாசன் பாதை முடிவுற்றது 1979-இல். கொங்கண் ரயில்வே முழுவதும் திறக்கப்பட்டு உடுப்பி வழியே வண்டிகள் நெடுந்தூரம் ஓடத் தொடங்கியது 1998-இல். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூர் செல்ல வேண்டுமானால் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும்; அன்றேல் ஷொரனூர், ஜோலார்பேட்டை என்று தெற்கே சுற்றிக்கொண்டு வர வேண்டும். இன்று ஓர் இரவில் முடியும் பிரயாணம் அன்று ஊரையே துறப்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறு ஊரைத் துறந்து வந்தவர்களே மையா சகோதரர்கள். பரமேசுவர மையா, கணப்பய்யா மையா, யக்ஞநாராயண மையா ஆகிய அவர்கள் பெங்களூரில் முதலில் மேற்கொண்ட தொழில் வீட்டுச் சமையல். பிறர் இல்லத்து அடுக்களையில் நின்று, அவ்வீட்டாரின் நாவறிந்து சமைத்துப் போட்டனர். இவர்களுடைய கைப்பக்குவத்தையும் நாணயத்தையும் கண்டு மகிழ்ந்த எஜமானர் ஒருவர் உதவி புரிய, 1924-ஆம் ஆண்டில் லால்பாக் கோட்டைச் சாலையில் ஒரு சிறு கடை திறந்தார்கள். இட்டிலியும் காபியுமே அங்கே முக்கியமான பண்டங்கள்.

வீட்டுச் சமையற்காரனுக்கும் ஹோட்டல் சமையற்காரனுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வீட்டில் சமைப்பவன் உண்பவரின் முகத்தைக் காண்கின்றான். உப்பு மிகுந்தால் அது அவர் முகத்தில் தெரிந்துவிடும். உண்பவரும் சமைப்பவனின் கையைக் காண்கின்றார். அது கழுவிய கையா, கழுவாத கையா என்பதை அறிவார். ஹோட்டலில் இவ்விருவருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிடுகின்றது. வியாபாரம் பெருகப் பெருகச் சுவரும் உயர்ந்துகொண்டே போகும். வீட்டுச் சாப்பாட்டின் உயிர் போகும் இடம் இதுவே. யக்ஞநாராயண மையாவின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அந்தச் சுவரை எழவிடாமல் காத்த உழைப்பு என்றே சொல்லலாம்.

பொறுப்பு வந்தது

கடை தொடங்கி ஐந்தாண்டுகள் ஆவதற்குள் பரமேசுவர மையா காலமானார். 1929-ஆம் ஆண்டில் பொறுப்பு யக்ஞநாராயண மையாவின் தோள்மேல் ஏறியது. யக்ஞப்பா என்று அன்புடன் அழைக்கப்பட்ட அவர், கல்லாப்பெட்டியை மட்டும் காவல் காக்கும் முதலாளியாக அமையவில்லை. அடுப்பின் அருகில் நின்று தொழில் கற்றவராதலின், எந்தப் பண்டம் எந்தக் கணத்தில் பதம் அடைகின்றது என்பது அவருக்குத் தெரியும். பதம் அறியாத முதலாளியைப் பரிசாரகன் ஏமாற்றலாம். பதம் அறிந்தவரை ஏமாற்ற இயலாது.

நம் காலனித் தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள் வைப்பதனால் கைமணம் போவதில்லை. ஆளை வைத்துவிட்டுத் தாம் அடுக்களையை விட்டு வெளியேறுவதனால்தான் அது போகின்றது.

யுத்தமும் அரிசியும்

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அதுவரை தென்னாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அடியோடு நின்றுபோயிற்று. எங்கும் பஞ்சம், எங்கும் ரேஷன். வீடுகளிலேயே ஒரு வேளைச் சோற்றுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், இட்டிலிக் கடை நடத்துபவன் என்ன செய்வான்?

அத்தகைய சமயத்தில் வியாபாரி ஒருவனுக்கு முன்னே எளிய வழிகள் சில தோன்றும். இட்டிலியின் அளவைச் சிறுக்கச் செய்யலாம். மட்டமான அரிசியைக் கலக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு நல்ல காலம் வரும்வரை ஊரில் போய் இருக்கலாம். மையா அவர்களின் அடுக்களையோ வேறு வழி கண்டது. அரிசிதானே இல்லை? கோதுமை ரவை இருக்கின்றதே! அதைக்கொண்டே இட்டிலி வார்த்துப் பார்த்தார்கள். ரவையை நெய்யில் பக்குவமாக வறுத்து, கடுகு தாளித்து, பச்சை மிளகாய், முந்திரிப் பருப்பு, கொத்தமல்லி முதலியன சேர்த்து, தயிரில் கலந்து, சிறிது சோடா உப்பிட்டு ஆவியில் வேகவைத்தார்கள். ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டுவதில்லை. இரவெல்லாம் புளிக்கவைக்க வேண்டுவதுமில்லை. இவ்வாறு பிறந்ததே ரவா இட்டிலி என்பது வழிவழியாக வழங்கிவரும் வரலாறு. உருளைக்கிழங்கு சாகுவும், சட்டினியும், ஒரு சிறு கிண்ணத்தில் உருக்கிய நெய்யும் அதற்குத் துணையாயின.

இல்லாமையிலிருந்து பிறந்த பண்டம் இன்று கல்யாணப் பந்தியிலும் இடம்பெற்றுவிட்டது. அரிசி மீண்டும் தாராளமாகக் கிடைத்த பின்னரும் ரவா இட்டிலியைக் கைவிட எவரும் விரும்பவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? இருப்பதைக்கொண்டு சமைத்தார்கள், ஆனால் குழந்தைகளுக்கு மட்டமானதைக் கொடுக்கவில்லை. அந்த இல்லறப் புத்தியையே மையா அவர்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

ஐரோப்பியப் பிரயாணம்

1951-ஆம் ஆண்டில் யக்ஞநாராயண மையா செய்த ஒரு காரியம் அக்காலத்தில் வியப்புக்குரியது. உணவு விடுதிகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதை நேரில் கண்டறியும் நோக்கத்துடன் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஆசாரம் மிகுந்த குடும்பத்தில் பிறந்து, சைவ உணவையன்றி வேறறியாத ஒருவர் மேல்நாட்டு ஹோட்டல்களில் கற்க என்ன இருக்கின்றது என்று பலர் எண்ணலாம்.

அங்கிருந்து அவர் சுத்தத்தைக் கொண்டுவந்தார். தட்டுகளையும் டம்ளர்களையும் கொதிநீராவியால் கிருமி நீக்கும் முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். சமையலறையின் தூய்மைக்கு விதிகள் வகுத்து, அவை வழுவாமல் நடைபெறச் செய்தார். நல்ல உணவுப் பழக்கங்களைப் பற்றிச் சிறு பிரசுரங்கள் வெளியிட்டு, உண்ண வந்தவர்களுக்கும் அறிவூட்டினார்.

நம் வீடுகளில் பத்துப் பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கினால் போதும். தாயின் கண் அதன் மேல் இருக்கின்றது. ஆயிரம் பேர் வாய் வைக்கும் டம்ளரை அவ்வாறு காக்க முடியுமா? முடியாது. அங்கே நீராவி வேண்டும், விதி வேண்டும், மேற்பார்வை வேண்டும். வீட்டின் தூய்மையைப் பெரிய இடத்தில் காப்பாற்ற வேண்டுமானால், வீட்டில் செய்யாத காரியங்கள் பலவற்றைச் செய்தே தீர வேண்டும். வீட்டு முறை என்று சொல்லிக்கொண்டு நூறு பேருக்கும் அதே அலுமினியப் பாத்திரத்தையும் அதே ஈரத்துணியையும் வைத்து நடத்துபவன், வீட்டின் பெயருக்கே இழுக்குத் தேடுகின்றான். இந்த நுட்பத்தை மையா அவர்கள் எழுபதாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

பெயரும் இடமும்

தொடக்கத்தில் அக்கடைக்கு இருந்த பெயர் பிராமண காபி கிளப் என்பதாகும். அக்காலத்தில் தென்னாட்டு நகரங்களில் சாதிப் பெயர் தாங்கிய விடுதிகள் ஏராளம். சாதிக்கொரு பந்தி என்ற நிலை பல இடங்களில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் 1957-ஆம் ஆண்டில் சென்னையில் இத்தகைய பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சியே நடைபெற்றது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய மையா அவர்கள் பழைய பெயரை விட்டு, கடை இருந்த பேட்டையின் பெயரால் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று வழங்கச் செய்தார். சாதியின் பெயர் அகன்று ஊரின் பெயர் அமர்ந்தது. பலகையை மாற்றியதனால் சாம்பாரின் மணம் குன்றவில்லை. உண்ண வருவோர் கூட்டமும் குறையவில்லை.

1960-ஆம் ஆண்டில் லால்பாக் சாலையில் இப்போதுள்ள கட்டிடத்துக்கு விடுதி இடம் மாறிற்று. 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி அமைக்கத் தொடங்கிய லால்பாக் தோட்டம் அதற்கு அண்மையில் உள்ளது. தோட்டத்தில் காலை உலாவி வருவோர் கதவு திறக்கும் முன்பே வாயிலில் காத்திருப்பது அந்நகரின் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

இக்கட்டிடத்தின் அமைப்பில்தான் மையா அவர்களின் கொள்கை கண்ணுக்குத் தெரியும்படி நின்றது. சாப்பிட வந்தவர்கள் அடுக்களையின் வழியாக நடந்து உணவுக்கூடத்துக்குச் செல்லலாம். எந்த நெய், எந்தப் பருப்பு, எந்தக் கை என்பதை எவரும் பார்க்கலாம். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கே இத்துணிவு வரும். சமைப்பவருக்கும் அது ஒரு காவல். எந்நேரமும் யாரோ பார்த்துக்கொண்டு போகின்றார் என்னும் எண்ணம் கையைச் சுத்தமாக வைத்திருக்கும். முன்பு வீட்டுச் சமையற்காரராக இருந்தபோது தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த எஜமானரின் கண்ணை, இப்போது ஆயிரம் கண்களாக மையா அவர்கள் தாமே அழைத்து வந்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளி டம்ளரில் காபி அளிக்கும் வழக்கமும் அவ்விடுதியின் பழம்பெருமைகளுள் ஒன்று. உயர்ந்த விருந்தாளி வீட்டுக்கு வந்தால் பெட்டியிலிருக்கும் வெள்ளிப் பாத்திரத்தை எடுப்பது நம் குடும்பங்களின் மரபு. காசு கொடுத்து உண்ண வந்தவரையும் விருந்தாளியாக எண்ணும் மனப்பான்மையை அது காட்டுகின்றது.

ஊருக்கொரு கிளை என்று தம் காலத்தில் அவர் விரித்துக்கொண்டு போகவில்லை. தம் கண் எட்டும் தூரத்தையே கடையின் எல்லையாக வைத்துக்கொண்டார். பேராசை இல்லாமையும் ஒரு வியாபாரத் திறமையே.

மறைவுக்குப் பின்

1968-ஆம் ஆண்டில் யக்ஞநாராயண மையா இயற்கை எய்தினார். நிறுவியவர் மறைந்த பின்னரே ஒரு ஸ்தாபனத்தின் உயிர் எங்கே இருந்தது என்பது தெரியவரும். அச்சோதனை விரைவிலேயே வந்தது. 1975-ஆம் ஆண்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின், ஹோட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்விலைக்கு அந்த நெய்யும் அந்தப் பருப்பும் கட்டுப்படியாகா. தரத்தைக் குறைத்து விலையைச் சரிக்கட்டுவது எளிது. ஆனால் மையா குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் அதற்கு இசையவில்லை. விடுதியையே மூடினார்கள். வேலையாட்களைக் கைவிடாமல், ரவா இட்டிலி முதலியவற்றுக்கான தயார்ப் பொடிகளைச் செய்து பொட்டலங்களாக விற்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. ரயிலேறும் முன் நம்மவர்கள் பெட்டியில் வாங்கி அடுக்கிக்கொள்ளும் பொட்டலத்தின் கதை இதுவே.

அப்பொட்டல வியாபாரம் பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது. 2007-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனம் ஏறக்குறைய 8 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. ஆனால் அடுப்பும் அடுக்களையும் உள்ள விடுதியைக் குடும்பத்தார் விற்கவில்லை. அதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, பின்னர்ச் சிங்கப்பூர் முதலிய வெளிநாடுகளிலும் கிளை கண்டனர். 2024-ஆம் ஆண்டில் அவ்விடுதி நூற்றாண்டு நிறைவு எய்திற்று. பொட்டலத்தை விற்கலாம், அடுப்பை விற்கலாகாது என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். அன்னாரின் வழியில் வந்தவர்களுக்கு அது தகும்.

நமக்கு ஒரு பாடம்

இவ்வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், மையா அவர்கள் மாற்றத்துக்கு அஞ்சியவர் அல்லர் என்பது விளங்கும். தானியத்தை மாற்றினார், பாத்திரம் கழுவும் முறையை மாற்றினார், பெயரை மாற்றினார், இடத்தையும் மாற்றினார். உண்பவரின் கண்ணுக்கும் சமைப்பவரின் கைக்கும் இடையே உள்ள நேர்மையை மட்டும் மாற்ற இசையவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று பிரித்தறியாதவர்கள்தாம் வளர்ச்சியைக் கண்டு அஞ்ச வேண்டும்.

ஆதலின் நம் காலனித் தாய்மார்கள் தயங்க வேண்டுவதில்லை. நாற்பது பேர் எண்பது பேராகட்டும். ஆள் வைத்துக்கொள்ளுங்கள்; கிரைண்டர் வாங்குங்கள்; குவார்ட்டர்ஸுக்கு வெளியே விதிப்படி ஓர் இடமும் பாருங்கள். ஆனால் அடுக்களைக் கதவைச் சாத்தாதீர்கள். சாப்பிட வரும் பிள்ளை எட்டிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவன் இலையில் வந்து அமர்வானானால், அங்கே அவன் தாய்வீடு இருக்கின்றது என்று பொருள்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாப் பந்திக்கும் இது பொருந்தும். கொட்டகைக்குப் பின்னே கோட்டையடுப்பு மூட்டிச் சமைப்பவர்களை, உண்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு போகும் நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இவ்வாண்டு பந்தியில் அமரும் முன் அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை அப்பக்கம் சென்று, புகையில் நிற்கும் அந்த முகங்களைக் கண்டு ஒரு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டுகின்றேன். அவர்களுக்கும் அது மகிழ்ச்சி தரும். சாம்பாருக்கும் ருசி கூடும்.